ஆறாம் பாகத்து விமர்சனத்தில் ஒரு வரித் திருத்தம்

ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சுகம், ஒரு வீடியோ கேமை அவசரமில்லாமல் விளையாடுவது. இருபது வருடம் கேம் விமர்சனம் எழுதிப் பிழைத்தவளுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று, இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் புரியாது. போகப் போகப் புரியும். அஸ்தம்பட்டி அலுவலகத்தில் ஜன்னலோர மேஜை உங்களில் யாருக்கு வந்ததோ தெரியவில்லை. அந்த நாற்காலியின் இடது கைப்பிடி ஆடும். அதை உடைத்தது நான்தான். எந்த மிருகத்திடம் தோற்றபோது என்று மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மூன்று பேருடைய எழுத்தையும் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். கோபம் வரும்போது இன்னும் நன்றாக எழுதுகிறீர்கள், அதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாக இருக்கிறது. "புதுசா வந்திருக்கற பிள்ளைங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்கம்மா" என்று ஆசிரியர் கேட்டார். நாலெல்லாம் என்னிடம் இல்லை. என் கடைசி விமர்சனத்தில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

அது மிருக வேட்டைத் தொடரின் ஆறாம் பாகத்துக்கு எழுதிய விமர்சனம். அந்தத் தொடரைப் பற்றி உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிட்டு, என்ன வேட்டை, யாரை அடித்தார்கள் என்று பதறக் கூடாது. ஒரு வீடு அளவுக்கு மிருகம். அதை வேட்டையாட நான்கு பேர். அவரவர் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் சேர்ந்து, பேசிக்கொண்டே ஆடலாம். ஆளுக்கொரு ஆயுதம். மிருகத்திடம் அடிபட்டு நம் ஆட்கள் மொத்தம் மூன்று முறை செத்தால் வேட்டை முடிந்தது, எல்லோரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் கவனிப்பது. எப்போது தலையைத் தாழ்த்தும், எப்போது வாலைச் சுழற்றும், எப்போது களைத்துப்போய்த் தண்ணீர் தேடிப் போகும் என்று அந்த மிருகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. நான்கு பேர் சண்டை போடாமல் ஒரு வேலையைச் செய்து முடிப்பதை நான் முதலில் பார்த்தது அந்த விளையாட்டில்தான். எங்கள் குடும்பத்தில் பார்த்ததில்லை.

நம் தளத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது, இந்நேரம் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விமர்சனம் வெளியாகும் முன் அதை ஒரு வாசகருக்கு போனில் முழுதாகப் படித்துக் காட்ட வேண்டும். ஆசிரியரிடம் இருக்கும் நீல அட்டை நோட்டில் யார் முறை வருகிறதோ அவருக்கு. வெளியீட்டு நேரம் வரை அவர் வாய் திறக்கக் கூடாது. விளையாட்டு நிறுவனத்தாரிடமும் இதற்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். படித்து முடித்ததும் வாசகர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அதற்கு நமக்குப் பதில் தெரியாவிட்டால், தெரிந்துகொள்ளும் வரை விமர்சனம் வெளியே போகாது. உலகமே எழுதி முடித்திருந்தாலும் போகாது.

இந்த வழக்கம் என்னால் வந்தது. தொடரின் மூன்றாம் பாகத்தை நான் வானளாவப் புகழ்ந்து எழுதியிருந்தேன். பனமரத்துப்பட்டியிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதினாள். "அக்கா, நீங்க சொன்னீங்கன்னு வாங்கினேன். நடுவில நிறுத்தி வெச்சிட்டு எந்திரிச்சுப் போக முடியாதுன்னு நீங்க சொல்லவே இல்லையே? எனக்கு ஏழு மாசக் குழந்தை இருக்கு. அது அழுகிறபோதெல்லாம் நான் செத்துப் போறேன்." உண்மைதான், அந்தப் பாகத்தில் வேட்டையை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. நான் தனி ஆள், நிறுத்த வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை. ஆசிரியர் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். சிரித்தார். பிறகு கடைக்குப் போய் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்கி வந்தார்.

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு விளையாடத் தெரியாது. கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். துணி வாங்க வருகிறவர் என்ன கேட்கிறார், எதைக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று பார்த்துப் பழகிய கண். இத்தனை வருடத்தில் ஒரு மிருகத்தைக்கூட அவர் அடித்ததில்லை. ஆனால் என் விமர்சனத்தில் நான் சரியாக விளையாடாத இடம் எதுவென்று, படிக்கிறபோதே விரல் வைத்துக் காட்டிவிடுவார். எனக்கு அதில் எரிச்சல் வராத நாளில்லை. அவரைப் போல் ஒருவரிடம் வேலை பார்த்தது என் பாக்கியம் என்று இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை, அதுவும் ஒரு குறைதான்.

சரி, ஆறாம் பாகத்துக்கு வருவோம்.

விமர்சனப் பிரதி வந்தபோது என் கையில் பத்து நாள் இருந்தது. அதுவரை யாரும் விமர்சனம் வெளியிடக் கூடாது, பத்தாம் நாள் மாலை நான்கரை மணிக்கு அந்தத் தடை நீங்கும். உலகம் முழுக்க அந்த நிமிடத்தில் விமர்சனங்கள் வந்து விழும். முதல் ஒரு மணி நேரத்தில் வந்தவற்றைத்தான் ஆட்கள் தேடிப் படிப்பார்கள். இது என் கடைசி விமர்சனம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அது முதல் நிமிடத்தில் வர வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன்.

விளையாட்டோ, என்ன சொல்ல, கொள்ளை அழகு. இத்தனை வருடம் மிருகங்களை அடித்திருக்கிறேன், ஒரு மிருகம் தன் கூட்டத்தோடு வாழ்வதை அப்போதுதான் பார்த்தேன். பாறைமுதுகன் என்று நான் பெயர் வைத்த ஒன்று இருந்தது. முதுகெல்லாம் கரடு. வெயில் ஏறினால் கூட்டமே அதன் நிழலில் வந்து நின்றுகொள்ளும். நான் அதை அடிக்கப் போனேன். சின்னக் குட்டிகள் சிதறி ஓடின, பெரியவை மட்டும் அதைச் சுற்றி நின்றன. ஓங்கிய ஆயுதத்தை இறக்கிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா பார்த்தேன். மழை வந்தது. வெடித்துக் கிடந்த தரை கண்ணெதிரில் பச்சையாகி, ஒளிந்திருந்ததெல்லாம் மேய வெளியே வந்தது. இதைச் செய்தவர்கள் காடு கரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள், ஐயமே இல்லை. விமர்சனத்தின் முதல் நான்கு பத்தியும் இந்த மயக்கத்தில் எழுதியதுதான். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

ஐந்தாம் பத்தியில்தான் என் வாய்க்கொழுப்பு. செட்டிங்ஸில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். சில பலத்த அடிகளுக்குப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், சக்தி ஏறினதும் விட வேண்டும். அப்படிப் பிடிப்பதற்குப் பதில் ஒரு முறை அழுத்திவிட்டால் போதும் என்று மாற்றிக்கொள்ளலாம். அதன் பெயரைப் படித்தேன், போட்டுப் பார்க்கவில்லை. இப்படி எழுதினேன்: "பட்டனைப் பிடித்திருக்கக்கூடச் சோம்பல்படுகிறவர்களுக்காக ஒரு வசதி. வேட்டைக்கு வந்தவர்கள் கட்டிலையும் கொண்டுவந்துவிடலாம்." எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவர் தனியாக உட்கார்ந்து சிரித்த வரியைத்தான் முதலில் திரும்பப் பார்க்க வேண்டும் என்று பிற்பாடு எனக்குப் புரிந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் ஒரு மணி. நோட்டில் முறை எடப்பாடிக்காரர் ஒருவருக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர். போனை எடுத்ததும் தறிச் சத்தம் காதை அடைத்தது. வெளியே வந்து, "சொல்லுங்க்கா, இப்பக் கேக்குதுங்க" என்றார். படித்தேன். மழை வந்த இடத்தில் "ஆகா" என்றார். கட்டில் வரிக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. முடித்துவிட்டு, "உங்க கேள்வியைக் கேளுங்க தம்பி" என்றேன்.

"ஏனுங்க்கா, அந்தக் கட்டில் வசதின்னு சொன்னீங்களே," என்று தயங்கினார். "அது முரசுக்கும் உண்டுங்களா? புடிச்சே இருக்காம ஒருக்கா அழுத்திட்டு விட்டா அடி விழுகுமுங்களா?"

முரசு என்பது அந்த விளையாட்டில் ஒரு ஆயுதம். தோளில் தூக்கிச் சுழற்றி அடிப்பது. மிருகத்தின் மேல் அது விழ விழக் கூட்டாளிகளுக்குத் தெம்பு ஏறும். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது நமக்கெதுக்குங்க தம்பி? இத்தனை வருசமா ஆடறீங்க, பட்டனைப் புடிக்கத் தெரியாதா?"

"தெரியுமுங்க. புடிக்கறதுக்கு வெரலு வேணுமில்லீங்களா?" என்றார் அவர். கோபமே இல்லை. "வலது கையில ஆள்காட்டி வெரலும் நடு வெரலும் தறியில போயிருச்சுங்க்கா. நாலு வருசமாச்சு."

என் முகம் சுட்டது. அவரே தொடர்ந்தார். அவரும் மூன்று கூட்டாளிகளும் ஒன்பது வருடமாகச் சேர்ந்து வேட்டையாடுகிறார்கள். இரண்டு பேர் தறிக்காரர்கள், ஒருவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் போகிறவர். ஐந்தாம் பாகம் வந்தபோது அழுத்திப் பிடிக்க வேண்டிய வேலை அதில் அதிகம், இவரால் முடியவில்லை. மற்ற மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் நாலாம் பாகத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள்.

"இப்ப ஆறாவதுக்கு எம்பட பதிலுக்குத்தான் காத்துட்டு இருக்கறானுங்க. சாயங்காலம் சொல்றேன்னுருக்கறன். முடியுமுன்னா நாலு பேரும் வாங்கிப்போடுவோம். முடியாதுன்னா, எனக்கு இதுல ஆசை விட்டுப் போச்சுன்னு சொல்லி ஒதுங்கிக்குவேனுங்க. எனக்கோசரம் மறுக்காவும் அவிங்க பழசையே கட்டிட்டு இருக்கோணுமா? அது நல்லால்லீங்க."

"நான் பார்த்துட்டுச் சொல்றேனுங்க தம்பி" என்று வைத்துவிட்டேன்.

ஆசிரியரிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். கட்டில் வரியையும் சொன்னேன். "நாலரைக்கு முடிஞ்சா நாலரைக்குப் போடலாம். முடியலைன்னா எப்ப முடியுதோ அப்ப" என்றார். பிறகு முதலுதவிப் பெட்டியைத் திறந்து பேண்டேஜ் சுருளை எடுத்தார். "கையை நீட்டுங்கம்மா." என் வலது கை ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்து, அவரே இறுகச் சுற்றிக் கட்டினார்.

அந்தக் கையோடு கன்ட்ரோலரைப் பிடித்துப் பாருங்கள். அதன் வலது தோளில், அதாவது மேல் விளிம்பில், இருக்கும் இரண்டு பட்டன்களும் திடீரென்று ஒரு மைல் தூரம் போய்விடும். மோதிர விரலை வளைத்து ஒன்றைத் தொட்டேன். பிடித்துக்கொண்டே இருக்கப் பார்த்தால் மணிக்கட்டு வலித்தது. பாறைமுதுகனிடம் முதல் முறை இரண்டு நிமிடத்தில் செத்தேன். அப்புறம் மூன்றாம் பக்கத்தில் அந்த வசதியைப் போட்டேன். ஒரு தொடல், விட்டுவிட்டேன். முரசு தானாகச் சக்தி ஏறி, சுழன்று, மிருகத்தின் தாடையில் இறங்கியது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். இதை யாரோ யோசித்திருக்கிறார்கள். எந்த ஊரிலோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒரு கையை நினைத்துப் பார்த்து ஒவ்வொரு ஆயுதத்துக்கும் இதைச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் அதைக் கட்டில் என்று எழுதினேன்.

ஒரு இடத்தில் மட்டும் முட்டியது. ஆறாம் பாகத்தில் முரசுக்குப் புதிதாக ஒரு அடி கொடுத்திருந்தார்கள். முழக்கம். அது ஒலித்தால் அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளிகள் சாவதற்கு முன் எழுந்துவிடுவார்கள், மிருகமும் தடுமாறும். அதற்கு வலது தோளின் இரண்டு பட்டன்களையும் ஒரே நொடியில் அழுத்த வேண்டும். அந்த இரண்டை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. விளையாட்டில் நான் கண்ட உண்மையான குறை அது. மோதிர விரலுக்கு ஒரு பட்டன்தான் எட்டியது. இடது கையை அந்தப் பக்கம் கொண்டுபோனால் ஆள் நகராமல் நின்றான், மிருகம் மிதித்தது. பதினைந்து, இருபது முறை முயன்றேன். முடியவில்லை.

இதற்குள் நான்கரை மணி வந்து போயிருந்தது. அஸர் என்னும் மாலைத் தொழுகையை முடித்துவிட்டு ஆசிரியர் திரும்பி வந்தபோது கணினியில் விமர்சனங்கள் குவிந்திருந்தன. எல்லோருக்கும் பாராட்டத்தான் வாய் வந்தது. இந்தத் தொடரின் சிகரம் என்றார்கள் சிலர். பழைய ஆட்களுக்கு ரொம்பச் சுலபம் என்று சிலர் முகம் சுளித்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் படம் திக்கித் திணறுகிறது என்று ஒருசிலர் எச்சரித்தார்கள், அது சரியான எச்சரிக்கை என்று பின்னால் வாசகர்களின் கோபம் காட்டியது. நம் பக்கம் மட்டும் காலி. நான் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆசிரியர் டீயை என் இடது கைப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு எடப்பாடிக்குப் பேசினேன்.

"முரசுக்கு அந்த வசதி இருக்குதுங்க தம்பி. நல்லா வேலை செய்யுது. நானே கையைக் கட்டிட்டு ஆடிப் பார்த்துட்டேன். முழக்கம்னு ஒரு அடி இருக்குது, அதை மட்டும் உங்களால அடிக்க முடியாதுங்க."

"கட்டிட்டு ஆடுனீங்களா?" என்றார். பிறகு சிரித்தார். "அந்த ஒரு அடிக்கு வேறொருத்தன் முரசு தூக்கிக்கட்டுமுங்க. போதுமுங்க்கா. வாங்கச் சொல்லிப்போடறேன்."

ஐந்தாம் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அந்த வசதியைப் பற்றி, அதைச் செய்தவர்களைப் பற்றி, நான் முதலில் எழுதிய கட்டில் வரியைப் பற்றியும். கடைசியில் இப்படி முடித்தேன்: "வலது கையில் இரண்டு விரல் இல்லாதவர்களும் முரசோடு இந்த வேட்டைக்கு வரலாம். முழக்கத்தை மட்டும் அவர்களால் அடிக்க முடியாது." ஆறரைக்குப் போட்டோம். இரண்டு மணி நேரம் தாமதம். பத்துக்கு ஒன்பது கொடுத்தேன். பிடித்துக்கொண்ட அந்த ஒன்று முழக்கத்துக்காக.

அந்த விமர்சனத்துக்குக் கிடைத்த வரவேற்பு என் இருபது வருடத்தில் எதற்கும் கிடைத்ததில்லை. முடக்குவாதக்காரர்கள் எழுதினார்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் எழுதினார்கள். இரண்டே வாரத்தில் மாலை போட்டு என்னை வழியனுப்பினார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இப்படி ஒரு பாராட்டோடு முடித்தேனே என்று வீட்டில் கண்ணாடி முன் நின்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் எடப்பாடிக்காரர் போன் செய்தார். ரிக் வண்டிக் கூட்டாளி வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறாராம். அன்று தறி ஓய்வு நாள், வேட்டைக்கு ஒரு ஆள் குறைகிறது. "நீங்க சும்மாத்தானுங்க்கா இருக்கறீங்க, வாரீங்களா?" என்று கேட்டார். காலை பத்து மணிக்கு, குளித்துத் தலை வாரிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி கன்ட்ரோலரின் முன் உட்கார்ந்தேன்.

"அக்கா, என்னையாட்டவே நீங்களும் முரசு எடுத்துக்குங்க. முழக்கத்துக்கு" என்றார்.

அப்போதுதான் கேட்டேன், இத்தனை நாள் யார் எடுத்தது என்று. ரிக் வண்டிக்காரராம். அவர் ஒன்பது வருடமாக வில் தவிர வேறு எதையும் தொடாதவர். நண்பனால் முழக்கம் அடிக்க முடியாது என்று என் விமர்சனத்தில் படித்துவிட்டு, வில்லை வைத்துவிட்டு முரசைத் தூக்கியிருக்கிறார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. பார்த்தீர்களா, என் ஒரு வரி எவ்வளவு உபயோகப்பட்டிருக்கிறது என்று.

பாறைமுதுகனைவிடப் பெரிய மிருகம் அது. ஏற்கனவே இரண்டு முறை எங்கள் ஆட்கள் செத்தாகிவிட்டது. இன்னும் ஒன்று போனால் வேட்டை முடிந்தது. அந்த நேரத்தில் விழுந்தது யார்? இருபது வருடம் ஊருக்கெல்லாம் வேட்டை சொல்லிக்கொடுத்த நான்தான். வால் வருவதைப் பார்த்தேன், விரல் கேட்கவில்லை, வயது அப்படி. என் ஆள் மண்ணில் கிடக்கிறான். உயிர் குறைந்துகொண்டே வருகிறது. தறிக்காரர்கள் இருவரும் தூரத்தில் இருக்கிறார்கள். மிருகம் காலைத் தூக்குகிறது.

முழக்கம் கேட்டது. ஸ்பீக்கர் அதிர்ந்தது. என் ஆள் எழுந்து நின்றான். மிருகம் தள்ளாடிப் பின்னால் போயிற்று. மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்து முடித்துவிட்டார்கள்.

"யாருங்க அடிச்சது?" என்று கத்தினேன்.

எடப்பாடிக்காரர், "நானுங்க்கா" என்றார். அவர் குரலே அவருக்கு நம்பிக்கையில்லாத மாதிரி இருந்தது. "நீங்க கெடந்தீங்க. என்னங்க பண்றது? ரெண்டு பட்டன் மேலயும் கையை வெச்சு ஒரு தட்டுத் தட்டுனன். உழுந்துருச்சுங்க."

"எதை வெச்சுத் தட்டினீங்க? விரல் இல்லைன்னீங்களே?"

"வெரலு முழுசும் போகலீங்களே? முன்னால பாதிதான் போச்சு. மீதிப் பாதி இருக்குதுங்க. தட்டலாம். ரொம்ப நேரம் அழுத்திப் புடிச்சா மட்டுந்தான் வலிக்கும். அதனாலதானுங்க்கா அன்னைக்குப் புடிக்கறதைப் பத்தி மட்டும் உங்களைக் கேட்டன்."

நான் என் வலது கையைப் பார்த்தேன். அதில் இரண்டு விரலை முழுசாக உள்ளங்கைக்குள் மடக்கிக் கட்டியது நாங்கள். எவ்வளவு போயிற்று என்று நானும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்று, நான் சோதித்தது இன்னொன்று.

"இத்தனை நாளும் ஒருக்காகூட முயற்சி பண்ணிப் பாக்கலையாங்க தம்பி?"

"இல்லீங்க்கா. நீங்கதான் முடியாதுன்னு எழுதிருந்தீங்களே."

மூன்று வாரம். தன்னால் முடிகிற ஒரு காரியத்தை, நான் எழுதிவிட்டேன் என்பதற்காக ஒரு மனிதர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் அதற்காக வில்லைக் கீழே வைத்திருக்கிறார். நான் கண்ணாடி முன் நின்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

உடனே ஆசிரியருக்குப் பேசினேன். சொல்லி முடித்ததும், "கட்டினது நானில்லையாம்மா" என்றார் மெதுவாக. பிறகு, "திருத்தம் எழுதுங்க. அதையும் அவருக்குப் படிச்சுக் காட்டிடுங்க" என்றார். எழுதினேன். "இரண்டு விரல் இல்லாதவர்களால் முழக்கம் அடிக்க முடியாது என்று எழுதியிருந்தேன். தவறு. எடப்பாடி வாசகர் ஒருவர் என் கண்ணெதிரில் அடித்தார், அதனால்தான் நான் பிழைத்தேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுதிய வரி அது."

மறுபடியும் எடப்பாடிக்குப் பேசிப் படித்துக் காட்டினேன். "வழக்கப்படி ஒரு கேள்வி கேளுங்க தம்பி" என்றேன்.

"இது இன்னைக்கே வந்துருமுங்களா?"

"வந்துரும். ஏனுங்க, அவசரமா?"

"ரிக்குக்குப் போனவன் நாளைக்கு ஊட்டுக்கு வாரானுங்க. வந்ததும் எனக்கோசரம் முரசைத்தான் தூக்குவான். நானே அடிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டானுங்க்கா. நீங்க எழுதிருந்தாத்தான் நம்புவான்."